மூன்று அடி, ஒரு மூச்சு

"பொறுங்க, தூக்காதீங்க!" என்று லவ்டே கத்தியபோது ஆறு பேரும் குனிந்து பெட்டியில் கை வைத்துவிட்டார்கள். பாட்டுக்காரர்கள் திறந்த வாயை மூடாமல் நின்றார்கள்.

பெட்டிக்குள் இருந்தவர் அவள் அப்பா ஆர்தர் நான்கெர்விஸ். இங்கிலாந்தின் கார்ன்வாலில் வெள்ளீயச் சுரங்கத்து இன்ஜினியர். முதல் உலகப் போரில் சுரங்கப் படையின் கேப்டன். எதிரியின் பதுங்குகுழிக்கு அடியில் வளை தோண்டி வெடி வைக்கிற வேலை. அங்கே கெட்ட நுரையீரல் பதினெட்டு வருஷம் இழுத்து, செவ்வாய்க்கிழமை காலையில் ஓய்ந்தது.

இந்த ஊரில் சவத்தை வண்டியில் ஏற்றுவதில்லை. வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். வந்தவர்கள் கையிலேயே தூக்கி, பாடிக்கொண்டே கல்லறைக்குப் போவார்கள். முன்வரிசைக்கு அவள் அழைத்தது டாம்சின் அத்தையின் மகன்கள் ஹார்வியையும் ஜோரியையும். அவர்களுடைய அப்பா ஜேபஸ், போரில் கேப்டனிடம் வேலை செய்து, பிரான்சில் வளை சரிந்து மண்ணுக்குள் போனவர்.

"ஜேபஸ் பசங்க என்னைத் தொடறதுக்கு முன்னாடி சொல்லிடு. அப்புறம் சொன்னா அது திருட்டு" என்று சாவதற்கு முந்தின நாள் அப்பா சொல்லியிருந்தார். அழைக்கப் போன அன்று வாய்வரை வந்ததை லவ்டே டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். இப்போதும் விழுங்கினால் அப்பா ஊர் மெச்சப் போய்ச் சேருவார், ஒருவருக்கும் தெரியாது.

"என்னடி இது, மழை வர்ற நேரத்துல?" என்றாள் டாம்சின்.

"அத்தை, ஜேபஸ் மாமா உடனே சாகலை."

நிறுத்தினால் பேச்சு வராது என்று பயந்து லவ்டே மடமடவென்று சொன்னாள்.

"வளை சரிஞ்சப்போ அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாரு. எல்லாரும் செத்துட்டாருன்னுதான் நினைச்சாங்க. மறுநாள் அப்பா மண் சுவத்துல காது வச்சாராம், உள்ளே தட்டற சத்தம். மூணு அடி, ஒரு மூச்சு. திரும்ப மூணு அடி, ஒரு மூச்சு. குந்தாலியை அப்படிப் போடறது நம்ம ஊர் ஆளுங்கதானே? ஆனா அதுக்குக் கீழே ஜெர்மன்காரன் மண் வார்ற சத்தமும் கேட்டுச்சு. மேல நம்ம சிப்பாய்ங்க அறுபது பேர் தூங்கிட்டிருந்தாங்க, அவன் முந்திக்கிட்டா அத்தனை பேரும் போயிருப்பாங்க. அப்பா... தெரிஞ்சும் தெரியாத மாதிரி வெடியோட பிடியை அமுக்கிட்டாரு."

ஹார்வி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "வேற ஆளைப் பாத்துக்க." பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் போனான். ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவன் கை வைக்கிற வழக்கம் இந்த ஊரில் கிடையாது. போதகர் தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் தட்டினாரு?" என்று கேட்டாள் டாம்சின்.

"நாப்பது நிமிஷம் கேட்டாராம்."

"அந்த நொடியே உயிர் போயிடுச்சு, வலியே இல்லைன்னு உங்கப்பன் தன் கையால எனக்குக் கடுதாசி போட்டான். அதைத் தலைமாட்டுல வச்சுத் தூங்கினேன்டி, பாவி!" நேற்றுவரை அவள் அவரைக் கேப்டன் என்றுதான் சொல்லிவந்தாள்.

"அம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்றான் ஜோரி. பெட்டியிலிருந்து அவன் இன்னும் கையை எடுக்கவில்லை.

"வர்றேன்னு சொன்னேல்ல? தூக்கு. நான் வரமாட்டேன்."

டாம்சின் நாலு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹார்வி விட்ட இடத்துக்கு லவ்டே போனாள். பெண்பிள்ளை சவம் தூக்கி அந்த ஊர் கண்டதில்லை. ஆனாலும் யாரும் தடுக்கவில்லை. பெட்டி எழுந்தது, பாட்டும் எழுந்தது. அப்பா இத்தனை கனமா என்று அவளுக்கு அழுகை வந்தது.

டாம்சின் வீட்டைக் கடக்கும்போது உள்ளே அடுப்புக் கம்பியில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. சாம்பல் தட்டுகிறாளோ என்னவோ. ஜோரி அதைக் கேட்டு நின்றான். அவன் நின்றதும் எல்லோரும் நின்றார்கள், பாட்டும் நின்றது.

தூறல் விழ ஆரம்பித்தது. சத்தம் ஓயும்வரை ஒருவரும் அடி எடுத்து வைக்கவில்லை.