பெட்டி நம்பர்

காதை வைக்காதே, வெந்துவிடும் என்று டிரைவர் பொன்னுரங்கம் அண்ணன் சொல்வதற்குள் நான் வைத்துவிட்டேன். மே மாதத்துப் பதினொரு மணி வெயிலில் நாற்பதடி இரும்பு கன்டெய்னர் பெட்டி எப்படிக் காய்ந்திருக்கும் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. கன்னம் எரிந்தது. ஆனாலும் கேட்டது. உள்ளே, மேல்பக்கமாக எங்கேயோ, பூனை கத்திக்கொண்டிருந்தது. அது நிறுத்தியதும் லாரியின் கேபினுக்குள்ளிருந்து நான்கு குட்டிகள் கத்தின. அவை நிறுத்தியதும் மறுபடி பெட்டி. காலையிலிருந்து இப்படித்தான் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன என்றார் அண்ணன். அவர் கண்கள் சிவந்திருந்தன.

எண்ணூர் விரைவுச் சாலைக்கு விரைவு என்று பெயர் வைத்தவர் நல்ல வேடிக்கைக்காரராக இருக்க வேண்டும். துறைமுக வாசல் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் சமைப்பார்கள், தூங்குவார்கள், துணி காயப்போடுவார்கள். ஒரு பக்கம் கடல், அலையைத் தடுக்கப் போட்ட கருங்கல். மறுபக்கம் மணலி ஆலைகளிலிருந்து வருகிற காற்று. அரை மணிக்கு ஒருமுறை வரிசை நாலு வண்டி நகரும். பொன்னுரங்கம் அண்ணனின் வண்டிக்கும் ராயபுரம் வாசலுக்கும் இடையில் இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. வாசலைத் தாண்டிவிட்டால் பெட்டி கிரேனில் ஏறும், கப்பலில் அடுக்கப்படும், இருபத்துமூன்று நாள் கழித்து வேறொரு நாட்டில்தான் கதவு திறக்கும்.

அவரை எனக்கு முன்பே தெரியும். போன வருடம் காசிமேட்டருகே அடிபட்டுக் கிடந்த நாய்க்காக எங்கள் விலங்கு ஆம்புலன்ஸை அழைத்தவர், இன்றும் அவரேதான் அழைத்திருந்தார். வீடு விம்கோ நகரில். வயது ஐம்பத்தைந்து இருக்கும். இப்போதெல்லாம் கம்பெனி லாரிக்குக் கிளீனர் வைப்பதில்லை, டிரைவர் மட்டும்தான். வரிசையில் நிற்கும்போது ஏறிக்கொண்ட சாம்பல் நிறப் பூனை ஒன்று இரண்டு மாதமாக இறங்கவே இல்லை. அதற்கு அவர் வைத்த பெயர் கிளீனர். எட்டு நாளைக்கு முன்னால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அவருடைய நீலக் கட்டம் போட்ட லுங்கியில் கிளீனர் குட்டி போட்டது. இன்று விடியற்காலை மணலி குடோனில் துண்டுகள் அடைத்த அட்டைப்பெட்டிகளை ஏற்றியவர்கள் கன்டெய்னர் கதவைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். கேபின் சூடு தாங்காமல் பூனை அந்தப் பெட்டிக்குள் போயிருக்கிறது. திரும்பி வந்தவர்கள் கதவைச் சாத்தி சீல் போட்டுவிட்டார்கள்.

அந்த சீலை உடைக்க டிரைவருக்கு அதிகாரமில்லை. உடைத்தால் கேஸ். சுங்க அதிகாரி வந்து, ஏற்றுமதி செய்கிறவர் சம்மதித்து, புது சீல் போட்டு, தாளெல்லாம் மாற்ற வேண்டும். நாளைக் காலைக் கப்பல் தவறினாலும் தவறும். கேபினில் பூனை வைத்திருப்பதற்காகக் கம்பெனி ஏற்கெனவே ஒருமுறை அண்ணனை எச்சரித்திருந்தது.

நான் வேலை செய்கிற டிரஸ்ட்டை நடத்துவது ஃபரா அக்கா. ராயபுரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அறுபத்துமூன்று நாய்கள், எண்ணிக்கையில் நிற்காத பூனைகள். என் வேலை போனைப் பிடிப்பது. ஆம்புலன்ஸில் முதலில் இறங்குவது நான்தான். டாக்டர் ஊசியை எடுப்பதற்குள் வீடியோவை ஆரம்பித்துவிட வேண்டும். அதைப் பார்த்து ஒசாகாவில் ஒரு பள்ளி ஆசிரியை அனுப்புவார், டொரொண்டோவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் அனுப்புவார், ஓஸ்லோவில் இருக்கும் ஒரு தமிழர் ‘தங்கச்சி, நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டுவிட்டு அனுப்புவார். அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. எங்கள் நாய்கள் தின்கிற சோறு அவர்கள் போட்டது.

நேரலையைத் தொடங்குவதற்கு முன்னால் அண்ணன் இரண்டே விஷயம் கேட்டார்.

“வீடியோ எடு, வாணாங்கல. என் மூஞ்சி வரக்கூடாது. பெட்டி நம்பர் வரக்கூடாது. கம்பெனிக்குத் தெரிஞ்சா பாஸ புடுங்கிடுவான். இந்த வயசுல வேற எங்க போயி நிப்பேன், சொல்லு.”

சத்தியமாக வராது என்றேன். துறைமுகத்துக்குள் போகிற பாஸ் இல்லையென்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் அப்பா அம்புரோஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஒருமுறை பாஸ் முடங்கி இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு மாதமும் அம்மா சர்ச்சில் அழுததையும் வீட்டில் அழாததையும் பார்த்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

முதல் கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸுக்கு ஒரு மாத டீசல் வந்துவிட்டது. குட்டிகளைக் காட்டினேன், பெட்டியின் சத்தத்தைக் கேட்கவைத்தேன். பார்க்கிறவர்கள் சேர்ந்து தாய்க்கு ‘பெர்ல்’ என்று பெயர் வைத்தார்கள். சீலை உடைக்கிற அபராதத்தை நானே கட்டுகிறேன் என்று டொரொண்டோ நர்ஸ் எழுதினார். பணத்தால் உடைகிற சீல் இல்லை அம்மா என்று அவருக்கு எப்படிச் சொல்வது? இன்னொரு பக்கம் ஃபரா அக்கா தெரிந்த அதிகாரிகளுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்களாம். எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று, எந்தப் பெட்டி?

நான் அண்ணனைப் பார்த்தேன். வாசலில் தெரிந்த காவலாளி ஒருவர் இருக்கிறார், அவரிடம் பேசிப் பார்க்கலாம் என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. வரிசை நகர்ந்தது. அவர் ஏறி வண்டியை நாலு வண்டி தூரம் நகர்த்திவிட்டு இறங்கினார். வாசல் அந்த அளவுக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு உள்ளேயிருந்து வந்த குரல் மாறியது. நீளமாகக் கத்திக்கொண்டிருந்தது அறுந்து அறுந்து வந்தது. நேரலையில் யாரோ இது ஏமாற்று என்று எழுதினார்கள். பூனையை இவர்களே அடைத்துவைத்துக் காசு பார்க்கிறார்கள், உண்மையென்றால் பெட்டி நம்பரைக் காட்டட்டும். அதற்குக் கீழே இருநூறு பேர் ஆமாம் என்றார்கள். அப்படிச் செய்கிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள், அதனால் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. ஒரு மணிக்குக் குட்டிகள் கத்தின. பெட்டி பதில் சொல்லவில்லை. மறுபடி கத்தின. ஒன்றுமில்லை.

அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு டீக்கடைக் குழாய்க்குப் போனார். பெட்டி மேல் தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் சூடு குறையும் என்று. நாற்பதடிப் பெட்டிக்கு ஒரு வாளித் தண்ணீர். அவர் முதுகு தெரிகிற தூரத்தில் இருக்கும்போதே நான் போனைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்குப் போனேன். நாலு எழுத்து, ஏழு எண். வாய்விட்டும் படித்தேன். மூன்று விநாடி நிறுத்திவிட்டுக் கீழே இறக்கினேன்.

கேட்டிருக்கலாம். அவர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பார், அது எனக்குத் தெரியும். அந்தச் சரியை அவர் வாயிலிருந்து வாங்க எனக்குத் தைரியம் இல்லை. திருட்டுத்தனமாகச் செய்வது சுலபமாக இருந்தது.

பிறகு நடந்தது எதுவும் என் கையில் இல்லை. நாலு எழுத்தை வைத்து எந்தக் கப்பல் கம்பெனி என்று கண்டுபிடித்து, அதன் வெளிநாட்டு அலுவலகத்துக்கு ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் சுங்க அதிகாரிகள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். வண்டியை வரிசையிலிருந்து பிரித்து ஓர் ஓரத்துக் காலி யார்டுக்குள் விடச் சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே ஒரு பைக்கில் லாரி கம்பெனி சூப்பர்வைசரும் வெற்றி என்ற இளவயது டிரைவரும் வந்து இறங்கினார்கள். சூப்பர்வைசர் சத்தம் போடவில்லை. கையை மட்டும் நீட்டினார். அண்ணன் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி, சாவியோடு சேர்த்துக் கொடுத்தார். வெற்றி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரிய கத்தரியால் சீலை வெட்டினார்கள். கதவு திறந்ததும் அடுப்பைத் திறந்தது போல் அனல் வந்தது. அட்டைப்பெட்டிகள் கூரைக்கு ஒரு முழம் கீழே வரை அடுக்கியிருந்தன. அதிகாரி டார்ச் அடித்தார். அசைவே இல்லை. நான் “பெர்ல், பெர்ல்” என்று கூப்பிட்டேன், வெட்கங்கெட்டு. பன்னிரண்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் இறக்கினால் கப்பல் போய்விடும் என்றார் சூப்பர்வைசர். அதிகாரி திரும்பிப் பார்த்து, டிரைவர் எங்கே, அவரையே பூனையைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணன் யார்டின் சுவரோரம் குட்டிகளை லுங்கியோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லுங்கியை வெற்றியிடம் கொடுத்துவிட்டு வந்தார். கதவுக் கம்பியில் கால் வைத்து ஏறி, அந்த ஒரு முழ இடைவெளிக்குள் இரண்டு கையையும் நீட்டினார்.

“ஏ கிளீனரு. வண்டி எட்து ரொம்ப நேரமாவுது. வா, வந்து ஏறு.”

நாக்கால் டொக் டொக்கென்று ஒரு சத்தம் செய்தார். மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை, உள்ளே வெகுதூரத்தில், அட்டையில் நகம் கீறுகிற சத்தம் வந்தது. பிறகு ஒரு சாம்பல் நிறத் தலை. அது நடக்கவில்லை, இழுத்துக்கொண்டு வந்தது. அவர் கைகளுக்குள் வந்து அப்படியே சரிந்தது. எங்கள் ஆம்புலன்ஸ் டாக்டர் வாங்கித் தண்ணீர் தெளித்து, ஊசி போட்டு, நாடியைப் பார்த்துத் தலையாட்டினார். பிழைத்துவிடும். நான் அழுதுகொண்டே பிடித்த அந்த வீடியோவில் அவருடைய கைகள் மட்டும்தான் இருக்கின்றன. முகம் வராது என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

புது சீல் போட்டார்கள். வெற்றி லுங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “மன்ச்சிக்கோ மாமு,” என்றான். அண்ணன் அவன் தோளைத் தட்டி, இரண்டாவது கியர் கொஞ்சம் இழுக்கும், பார்த்துப் போடு என்று சொன்னார். வண்டி போயிற்று.

வரிசையை மறிக்கக் கூடாதென்று ஆம்புலன்ஸை அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியிருந்தோம். டாக்டர் அதிகாரிகளின் தாளில் கையெழுத்துப் போட நின்றுவிட்டார். கூண்டில் பூனையோடு நானும், லுங்கி மூட்டையில் குட்டிகளோடு அண்ணனும் லாரிகளை ஒட்டி நடந்தோம். அவருடைய பையும் டிபன் கேரியரும் அவர் தோளில் தொங்கின. ஃபரா அக்காவிடம் சொல்லி அவருக்காகத் தனியாக ஒரு நன்கொடை கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். எங்கள் இணையப் பக்கத்தில் மனிதர்களுக்காகக் கேட்டால் எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று தெரிந்தேதான் ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டுக் கேட்டார்.

“நம்பரு தானா வந்துட்ச்சா, நீ காட்னியா?”

“நான்தாண்ணா காட்டினேன். நீ தண்ணி புடிக்கப் போனப்ப.”

நாலைந்து லாரியைத் தாண்டி நடந்தோம். அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

“கூண்டு மேல வெய்யில் அடிக்குது பாரு,” என்றார். “வண்டி நெயல்ல நட.”

நான் நிழலுக்கு மாறினேன். மேலே கேபின்களில் டிரைவர்கள் கால் நீட்டிப் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரத்தில் இருந்தவர்கள் யார்டில் நடந்ததை நேரில் பார்த்திருக்க முடியாது. ஒரு கேபினுக்கடியில் நாங்கள் போகும்போது மேலே போனில் ஓடிய என் வீடியோவிலிருந்து, “ஏ கிளீனரு, வண்டி எட்து ரொம்ப நேரமாவுது” என்று அண்ணனின் குரல் கேட்டது. அடுத்த லாரியிலிருந்தும் அதே குரல், கொஞ்சம் பின்தங்கி. அதற்கடுத்ததிலும். டொக் டொக். ஒரு டிரைவர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், திரும்ப போனுக்குள் போய்விட்டார்.

கூண்டுக்குள் பூனை தலையைத் தூக்கியது. ஒவ்வொரு லாரியாக மேலே பார்த்து, குரல் வந்த பக்கமெல்லாம் கத்த ஆரம்பித்தது. லுங்கிக்குள்ளிருந்து குட்டிகள் பதில் சொல்லின. அண்ணன் மூட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல், எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.