முப்பதுக்குப் பத்தொன்பது

என் மருமகள் சந்தியாவுக்குக் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் ஆனபோது, நர்ஸ் மார்கரெட் வீட்டுக்கு வந்து அவள் மனநிலையை அளக்க வேண்டும் என்றாள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். என்னைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னாள். எங்கள் குப்பத்தில் மாமனார் எதிரில் மருமகள் பேசும் வழக்கம் இல்லை. என் வீட்டில் யாரோ சொல்லி எழுந்து போகிற ஆளும் நானில்லை. அதனால் நானே பதில் சொன்னேன். காரணமில்லாமல் அழுகிறாளா? இந்தப் பொன்னுரங்கம் வீட்டில் யாரும் அழுவதில்லை. பயம்? தண்ணீரில் பிழைக்கிறவர்களுக்கு என்ன பயம்? தூக்கம்? நன்றாகத் தூங்குகிறாள்.

மார்கரெட் கூட்டிப் பார்த்துப் பூஜ்யம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுக்கா பூஜ்யம் என்று கேட்டேன். துன்பமே இல்லாதவர்களுக்குத்தான் அது வரும், பிள்ளை பெறாத தனக்கே வராது என்றாள் அவள்.

அப்போது சந்தியா உள்ளேயிருந்து வந்து நின்றாள். கல்யாணமான பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் முறை.

"நான் தூங்குறதே இல்ல மாமா. புள்ளைய உட்டுட்டு ஏரில எறங்கிடலாம்னு தோணுது. தெனம் தோணுது."

மார்கரெட் மறுபடி முதலிலிருந்து அவளிடமே கேட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். முப்பதுக்குப் பத்தொன்பது. இந்தக் கணக்கில் எண் ஏற ஏற ஆபத்தாம். தனியாக விடாதீர்கள், நாளைக்கே பொன்னேரியில் டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள்.

மறுநாள் பாடு சீட்டு. ஏரியில் எந்த வீடு எங்கே வலை போடுவது என்று ஆண்கள் கோயில் முன்னால் கூடிச் சீட்டெடுக்கும் நாள். பஸ்ஸுக்கு அதைத் தாண்டித்தான் போக வேண்டும். என் மகன் மணிகண்டன் கருவேலங்காட்டு வழியாகச் சுற்றிப் போய்விடலாம் என்றான். குழந்தையை அவன் கையில் கொடுத்து, தெருவழியே வா என்றேன்.

நர்ஸ் வந்து சொன்னது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. என் பங்காளி வரதன் எழுந்து வந்தான். மனசு கலங்கிய பெண் இருக்கும் வீட்டுக்குப் பாடு கொடுத்தால் வலை காலியாக வரும் என்று நாலு பேர் பேசுகிறார்கள், அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மரியாதையாக இருக்கும் என்றான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அவ என் வீட்டுக்குத்தான் வருவா. சீட்டுலேருந்து என் பேரை எவன் எடுக்கிறான், எடுக்கச் சொல்லு பாப்போம்" என்றேன்.

வரதன் விடவில்லை. அப்படி என்னதான் வியாதி என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் சந்தியா சொன்னாள்:

"முப்பதுக்குப் பத்தொம்போது, சின்ன மாமா. உங்க மருமவ காவியாவும் முழுகாம இருக்குதே, நர்ஸம்மாவ அதுங்கிட்டயும் கேக்கச் சொல்லுங்க. எதிர்ல மட்டும் நீங்க குந்தாதீங்க."

எவனோ சிரித்தான். அந்த அடி எனக்கும் சேர்த்துத்தான். நிமிர்ந்து நின்றே வாங்கிக்கொண்டேன். என் பேர் எழுதிய சீட்டு குடத்துக்குள் விழுவதைப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.

பஸ்ஸில் சந்தியாவை ஜன்னலோரமாக உட்கார வைத்தேன். ஊரே அவளைப் பார்க்கட்டும்.