நோ டிரம்ப் சொன்ன விரல்

அவள் கையில் பதினாறு புள்ளி. நாலு வகையிலும் சீட்டுகள் சமமாகப் பரவியிருந்தன. எந்தப் பக்கமும் ஓட்டை இல்லை. பிரிட்ஜ் ஆடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பதினைந்திலிருந்து பதினேழு புள்ளி இருந்து, கையும் இப்படிச் சமமாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஏலத்தை 'ஒரு நோ டிரம்ப்', அதாவது துருப்புச் சீட்டே இல்லாத ஆட்டம், என்று ஆரம்பிக்கலாம்.

அவளால் முடியாது. நோ டிரம்ப்பை முதலில் சொன்னவர்தான் ஆட்டத்தை ஆடுவார். எதிரே இருக்கும் கூட்டாளி தன் சீட்டுகளை மேஜையில் விரித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, சொல்கிற சீட்டை எடுத்துப் போட வேண்டும். அவருக்குப் பெயரே டம்மி. அவள் கூட்டாளி அவள் புருஷன். எந்தப் படையிலும் இருந்ததில்லை, ஆனாலும் கிளப் முழுக்க அவனுக்குக் கேப்டன் என்று பேர். அந்த மகானுபாவன் பொண்டாட்டி சொல்கிற சீட்டை எடுத்துப் போடுவானா?

"சமமான கை வந்தா ஒரு கிளாவர்னு ஆரம்பி. நோ டிரம்ப் சொல்றது என் வேலை." கிளாவர்தான் ஏலத்தில் ஆகக் குறைந்த கேள்வி; அதற்கு மேல் அவன் நோ டிரம்ப் சொல்லிக்கொள்ளலாம். வீட்டுச் சட்டம் அது.

போன மாதம் மறந்துபோய்ச் சொல்லிவிட்டாள். ஜெயித்தும் விட்டாள், அதுதான் பெரிய குற்றம். வீட்டுக்கு வந்து அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏலப் பெட்டியிலேர்ந்து அந்த அட்டைய எந்த விரல் எடுத்துச்சு?"

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்து வலது ஆள்காட்டி விரலைக் காட்டினாள், பாவி. மணிக்கட்டைச் சாப்பாட்டு மேஜையில் அழுத்திப் பிடித்து, அந்த விரலைப் பின்பக்கமாக வளைத்தான். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் நோயாளிகளுக்கு நரம்பு தேடும் விரல் அது.

கட்டுப் போட்ட எலும்பு டாக்டர், "எப்படி ஆச்சு?" என்றார். "கார் கதவுல நசுங்கிடுச்சு டாக்டர். இவளுக்கு எப்பவும் அவசரம்" என்று கேப்டன் சிரித்தான். அவள் தலையாட்டினாள்.

அதே டாக்டர்தான் இன்று கிளப்பில் அவளுக்கு இடப்பக்கம். வலப்பக்கம் அவர் மனைவி. எதிரே கேப்டன், கண்ணாலேயே 'கிளாவர்' என்றான்.

நோ டிரம்ப் சொன்னால் திரும்பிப் போகும் காரில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் அந்தக் காரில் ஏறவே கூடாது. கட்டுப் போட்ட விரலாலேயே அட்டையை நெம்பி எடுத்து வைத்தாள். ஒரு நோ டிரம்ப்.

கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. கையில் பத்துப் புள்ளி, சுற்றிலும் ஆட்கள். வேறு வழியில்லாமல் மூன்று நோ டிரம்ப் என்று ஏலத்தை முடித்தான். பதின்மூன்று டிரிக்கில், அதாவது பிடியில், அவள் ஒன்பது எடுக்க வேண்டும். டாக்டர் முதல் சீட்டைப் போட, கேப்டன் தன் சீட்டுகளை விரித்தான்.

"ராணியைப் போடுங்க" என்றாள்.

போட்டான். மேஜைக்கடியில் அவன் ஷூ முனை அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இறங்கியது.

"சின்னதைப் போடுங்க."

அதே இடத்தில் இன்னொரு உதை. தோல் கிழிந்தது. டம்மிக்கு வாய்தான் இல்லை, கால் இருந்ததே! ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு உதை. செருப்புக்குள் ரத்தம் பிசுபிசுத்தது. அவள் குரலை உயர்த்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். ஒன்பதாவது டிரிக்கும் வந்தது.

"சபாஷ். வா, மிச்சத்தை வீட்ல பேசிக்கலாம்" என்று சாவியை எடுத்தான்.

அவள் எழவில்லை. ரத்தம் வழிகிற காலைத் தூக்கிச் சீட்டுகளின் மேலேயே வைத்தாள்.

"டாக்டர், விரலை ஒடிச்சது கார் கதவு இல்ல. இவர்தான்."

கேப்டன் அவள் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். மறுபடியும் மோதினான். ஏலப் பெட்டி உடைந்து அட்டைகள் சிதறின. "என் பொண்டாட்டி! கேக்க நீங்க யாருடா?" டாக்டரின் மனைவி தண்ணீர்க் கூஜாவால் அவன் காதோரம் ஓங்கி ஒன்று போட்டாள். நாலைந்து பேர் பாய்ந்து அவனைத் தரையில் அமுக்கினார்கள். சாவி எங்கோ போய் விழுந்தது.

டாக்டர் கைக்குட்டையால் அவள் மூக்கைப் பொத்தினார்.

"ஏம்மா, அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க அவரைப் பார்த்துத்தானே டாக்டர் கேட்டீங்க?"