பாம்பு நகரட்டும்

பெண் பார்க்க வந்தவர்கள் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வாசலோடு நின்றுவிட்டார்கள். சனிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கே முடிந்தாயிற்று. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா பராசரனுக்குக் காலண்டர் போதவில்லை. அவர் உள்ளங்கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பித்தளைப் பெட்டி. மகன் லக்ஷ்மிகாந்த் ஜப்பானில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த குட்டிச் சூரியக் கடிகாரம். ஓரத்தில் திசைகாட்டி, நடுவில் ஒரு முள், அதன் நிழல் விழும் வட்டத்தில் எண்ணுக்குப் பதில் மிருகப் படங்கள்.

"நிழல் இன்னும் பாம்பு மேலயே இருக்கு. பாம்புன்னா ராகுதானே? ஜப்பான்காரனுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்கோ! குதிரைக்கு வரட்டும், உள்ள வரோம்."

பெண் ஜாஹ்னவிக்கு அப்பா இல்லை. அம்மா ரங்கம்மாதான் கைகூப்பியபடி வெறுங்காலோடு வெயிலில் நின்றாள். வந்தவர்கள் நிற்கும்போது பெண்ணைப் பெற்றவள் நிழலுக்கு ஒதுங்கலாமோ? தரை சுட்டதில் கால் மாற்றி மாற்றி வைத்தாள். பராசரன் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. பெட்டியை ஊதுவதும் வேட்டி நுனியால் துடைப்பதுமாகக் கொஞ்சிக்கொண்டிருந்தார். கண்ணராவி!

ஜாஹ்னவி வாசற்படி இறங்கி லக்ஷ்மிகாந்திடம் போனாள். இரண்டு மாதமாகப் போனில் பேசிப் பிடித்துப்போனவன். இன்று சம்மதம் சொல்வதுதான் பாக்கி.

"நிஜமாவே அது ராகுவா?"

அவன் சிரித்துக் குரலைத் தாழ்த்தினான். "சேச்சே. அங்க அந்தக் காலத்துல ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மிருகம் பேரு. அவ்ளோதான்."

"அப்பாகிட்ட சொல்லப்படாதா? அம்மாவுக்குக் கால் பொரியறது."

"சொன்னா மூஞ்சியத் தூக்கிப்பார். கொஞ்ச நேரம்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

சொல்லிவிட்டு, ஷூக் காலோடு கார் நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.

பாதிப் பாலைக் குடித்த பிறகு டம்ளரில் பல்லியைப் பார்த்தாற்போல இருந்தது ஜாஹ்னவிக்கு. அப்பாவாவது அறியாதவர், தொலையட்டும். இவன் எல்லாம் தெரிந்து வாய்மூடி நிற்கிறவன். இந்தக் குரலுக்கா தினமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம் என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"குதிரை வந்துடுத்து!" என்று பராசரன் செருப்பைக் கழற்றினார்.

ஜாஹ்னவி அம்மாவை உள்ளே இழுத்து விட்டுவிட்டு, நிலைப்படியில் குறுக்கே நின்றாள்.

"செருப்பைப் போட்டுக்கோங்கோ, மாமா. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"ஏம்மா? நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

"உங்க பிள்ளைக்குத் தெரியும். சொல்லமாட்டார்."

பராசரன் மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.