பாய்க்கு ஒரு மெழுகுவத்தி

"எனுக்கு அந்த மெஷினு வேணாம். இதுவே போதும்" என்று லூர்துசாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கையில் ஊசிகளும் குழாய்களுமாகக் கிடந்த மனிதருக்குத் திருப்ப முடிந்தது முகத்தை மட்டும்தான். டாக்டர் அஸ்வினி எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் அசடு வழிந்தாள். பட்டினப்பாக்கத்தில் வஞ்சிரத்துக்கு அடிமாட்டு விலை கேட்பவர்களை ஒரே பேச்சில் மடக்கி அனுப்புகிறவள், சொந்தப் புருஷனிடம் ஒரு வாரமாகப் பேச்சு எடுபடாமல் நிற்கிறாள்.

ராஜா அண்ணாமலைபுரத்து அந்த டயாலிசிஸ் சென்டருக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருந்தது. ஹீமோடயாஃபில்ட்ரேஷன் என்று பெயர். எஸ்தரின் வாயில் அது நுழையவில்லை. புது மெஷின் என்றே வைத்துக்கொண்டாள். டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டுப் பொறுமையாகத்தான் விளக்கினார். பழைய மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்வதோடு சரி. இது சுத்தமான நீரை நிறையக் கலந்து, அதையும் சேர்த்து இழுத்து வெளியே தள்ளும். பழையதில் தங்கிவிடுகிற பெரிய கழிவுகளும் அதோடு போகும்.

"டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு ஹார்ட்டும் மூளையும்தாம்மா பெரிய பயம். ஸ்ட்ரோக் வரவே வராதுன்னு நான் கேரண்டி தர முடியாது. ஆனா இந்த மாதிரி மெஷின்ல இருக்கிறவங்க கொஞ்சம் அதிக நாள் நல்லா இருக்காங்கன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. எல்லாருக்கும் இது ஒத்துவராது, ரத்தம் வேகமா வரணும். இவருக்கு வலை இழுத்த கை, நல்லா வருது. இவர் பிபி இருக்கிற இருப்புக்கு நானா இருந்தா யோசிக்கவே மாட்டேன்."

ஸ்ட்ரோக் என்றால் என்னவென்று எஸ்தருக்குத் தெரியும். பக்கத்து நாற்காலி இனாயத் பாய்க்கு வந்தது அதுதான். ராயப்பேட்டையில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். எந்தக் காலத்திலிருந்தோ பாயும் லூர்துசாமியும் பக்கம் பக்கமாகத்தான் ஊசி ஏற்றிக்கொண்டார்கள். மெஷின் ஓடும்போது எதைத் தின்றாலும் அதுவே இழுத்துக்கொள்ளும் என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் ஒரு குருட்டு நம்பிக்கை. நர்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்ததும் பாயின் டப்பாவிலிருந்து கபாபும் லூர்துசாமியின் டப்பாவிலிருந்து நெத்திலி வறுவலும் கைமாறும். வீட்டில் உப்பில்லை, உறைப்பில்லை என்று தட்டைத் தள்ளுகிற இரண்டு பேரும் அங்கே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

போன மாதம் ஒரு காலையில் பாய்க்கு வாய் கோணிப் பேச்சு போய்விட்டது. வலது கை விழுந்துவிட்டது. அதற்கப்புறம் டயாலிசிஸும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே என்றாகிவிட்டது. பாயின் மனைவி ஜைதூன் பீ போனில் அழுததைப் பற்றி எஸ்தர் புருஷனிடம் மூச்சு விடவில்லை. பயத்தில் இவருக்கும் பிபி ஏறிவிட்டால்? "பாயி வேளச்சேரில மக வூட்டுக்குப் பூட்டாராம். அங்கயே வேற சென்டருக்கு மாறிட்டாராம்" என்றாள். "ஓ" என்றார் லூர்துசாமி. அதற்கப்புறம் பாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்பிவிட்டார் என்று எஸ்தர் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் குப்பமே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. சாமந்தியும் ஊதுவத்திப் புகையும் கூட்டமும், நடுவில் ஒருவருக்கொருவர் நலம் விசாரிப்பும். லூர்துசாமி அப்பா, அம்மா கல்லறைகளைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றினார். பிறகு தனியாக மதில் ஓரம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணைத் தோண்டி இன்னொன்றை நட்டார். கடல் காற்றில் அது நிற்காமல் அணைந்து அணைந்து போயிற்று. அவரும் விடாமல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இது யாருக்குய்யா?" என்றாள் எஸ்தர்.

"பாய்க்கு."

"எந்த பாயி?"

"எனுக்கு எத்தினி பாயிமே கீறாங்க? அவுங்கள்ல மெழுகுவத்தி ஏத்துவாங்களோ இன்னாவோ. கோச்சிக்க மாட்டாரு."

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. "யோவ், பாயி உசுரோட கீறாருய்யா!"

"சொம்மா இருமே. அந்த ஹால்ல யாரு செத்தாலும் வேற சென்டருக்கு மாறிட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க. தேவானக்கா மாறுச்சு, முருகையன் மாறுனாரு. எந்த சென்டருன்னு நாங்க யாராச்சும் கேட்டோமா? எனுக்கு மட்டும் புது மெஷின வெச்சி இன்னா பண்ணப் போறே? நாளைக்கு நானும் மாறப்போறவன்தானே."

எஸ்தர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் காத்திருப்பதெல்லாம் வெளியே வராந்தாவில். உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் இப்படி ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? காப்பாற்றுவதாக நினைத்துத் தன் கையாலேயே பாயைச் சாகடித்து, இவரையும் பாதி சாகடித்திருக்கிறாள். துக்கமும் வெட்கமுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். மாதா மேல் சத்தியம் செய்தாள். லூர்துசாமி நம்பவில்லை.

"காட்டு" என்றார். "இப்பவே காட்டு."

ஆட்டோ பிடித்து ராயப்பேட்டையில் பாயின் வீட்டுக்குப் போனார்கள். ஜைதூன் பீ கதவைத் திறந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்கண்ணே, உங்களத்தான் தேடிக்கிட்டே இருக்காரு" என்று குரல் உடைந்து சொன்னாள். உள்ளே கட்டிலில் தலையணைகளைச் சாத்தி உட்கார வைத்திருந்தார்கள். பாய் பாதியாகிப் போயிருந்தார். லூர்துசாமியைக் கண்டதும் வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

லூர்துசாமி கட்டிலில் உட்கார்ந்தார். "யோவ் பாயி, உனுக்கு இப்பத்தான்யா மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன்" என்றார்.

பாய் விழித்தார். ஜைதூன் பீ விழித்தாள். எஸ்தருக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. பிறகு பாயின் முகத்தில் ஒரு பாதி மட்டும் மெல்ல மேலே ஏறியது. தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று புரிந்ததும் ஜைதூன் பீ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை.

கஞ்சிக் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. லூர்துசாமி கேட்காமலே அதை எடுத்து ஊட்ட ஆரம்பித்தார்.

"எஸ்தரு" என்றார், திரும்பாமல். "அந்த மெஷின டாக்டரம்மா வேற யாருக்கும் குட்துட்டாங்களா?"

எஸ்தர் டாக்டருக்குப் போன் போடப் பையைத் துழாவினாள். கஞ்சி பாயின் வலது கடைவாயில் வழிந்து தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. லூர்துசாமி அதை விரலால் வழித்துத் தன் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். பாய் அடுத்த வாய்க்கு அண்ணாந்தார்.