மைமூனா ஆபாவின் முரீது

லால் பாஷாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. நாலு வழிச் சாலை வந்த புதிதில் குருபரப்பள்ளியில் பழைய டயர் வாங்கி விற்கக் கடை போட்டவன் அப்படி இருப்பது தொழிலுக்கு நல்லதுதான். வீட்டிலும் அப்படியே இருந்தான், அதுதான் வினை.

மூன்று மாதமாக அவன் மனைவி வஜிஹா வியாழக்கிழமை தோறும் ஓசூருக்குப் பஸ் ஏறினாள். மைமூனா ஆபாவிடம் முரீது ஆகியிருக்கிறாளாம். சிப்காட்டில் சுவிட்சு கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பொம்பளைக்குச் சீடர்களா என்று அவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தம்மாவின் அத்தா பெரிய பீர், ஊரறிந்த ஞானகுரு. சாகும்போது, மகன் ஒருவன் குத்துக்கல்லாட்டம் இருக்க, மகள் கையில் தன் தலைப்பாகைத் துணியைக் கொடுத்துப் பொறுப்பையும் கொடுத்துவிட்டார். முரீது ஆகிறவர்கள் அந்தத் துணியின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும், மறுமுனை ஆபா கையில் இருக்கும். ஆம்பளைகளும் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து லால் பாஷாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து ஆபா கூட்டம் சேர்த்து இறைவன் பேரை ஓதும் திக்ரு நாலரைக்கே முடிந்துவிடுகிறது. வஜிஹா வீடு திரும்புவதோ எட்டு மணிக்கு. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் போக மீதி நேரம் எங்கே இருக்கிறாள்? கையும் களவுமாகப் பிடித்து, அன்றைக்கே வேப்பனப்பள்ளியில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிடுவது என்று முடிவு கட்டினான்.

அந்த வியாழன் ஐந்தரைக்கு ஆபா வீட்டில் போய் நின்றான். கூட்டம் கலைந்திருந்தது. வாசலில் வஜிஹாவின் செருப்பு மட்டும் கிடந்தது, உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கம்பெனி நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆபா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“என் பொண்டாட்டி எங்கங்க?”

“உள்ள தூங்கறாங்க. மெதுவா பேசுங்க தம்பி.”

“தூங்கறதுக்கு எங்க வீட்ல எடமில்லையா? என்னைப் பத்தி என்ன சொல்லி வெச்சிருக்கா?”

“ஒண்ணும் சொல்லல. மொத நாளு திக்ருல உக்காந்த எடத்துலயே தூங்கி விழுந்தாங்க. முரீதுக்குத் தெனமும் ஓத ஏதாவது சொல்லிக் குடுப்போம். இவங்களுக்கு நான் குடுத்தது இதான். வந்தா ரெண்டு மணி நேரம் தூங்கிட்டுப் போம்மான்னேன்.”

நல்லாக் கதை விடுகிறாள் என்று நினைத்தபடி கதவைத் தள்ளினான்.

பாயில் வஜிஹா மட்டும், வாயைப் பிளந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவள் குறட்டையை அவன் கேட்டதேயில்லை. எப்படிக் கேட்பான்? கண்ணசந்த நேரத்தில் உலுக்கி எழுப்பி, பகலில் யாரோடு பேசினாய், எங்கே போனாய் என்று கேட்கிறவன் அவன்தானே. லால் பாஷாவுக்கு வெட்கமாக இருந்தது. சத்தமில்லாமல் கதவைச் சாத்தப் பார்த்தான், அது கிறீச்சிட்டது.

வஜிஹா சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. அவன் இன்னும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

“ரெண்டு மணி பஸ்லதாங்க வந்தேன்,” என்றாள். “பக்கத்துல எதுத்த வீட்டு ரங்கம்மாதான் உக்காந்திருந்தா. கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேட்டதோட சரிங்க, வேற யார்கிட்டயும் பேசல.”