தாழ்ப்பாள் இல்லாத வீடு

என் கணவர் தற்கொலை செய்துகொண்ட பதினேழாம் நாள், தச்சரைக் கூப்பிட்டு உள்கதவுகளின் தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றச் சொன்னேன்.

"குளியலறைக்குமாம்மா?" என்று தயங்கினார்.

"அதைத்தான் முதல்ல கழட்டுங்க."

"வயசுப் பொண்ணு இருக்கிற வீடுடி" என்று இழுத்தாள் அக்கா. உயிரோடு இருந்தால்தானே வயசு ஏறும் என்று வாய்வரை வந்ததை மென்று விழுங்கினேன்.

அன்றிலிருந்து மகள் குளிக்கும்போது நான் கதவுக்கு வெளியே நிற்பேன். அவள் பேசிக்கொண்டே குளிக்க வேண்டும். பள்ளிக்கூடக் கதையோ வாய்ப்பாடோ, எதுவானாலும் சரி. குரல் ஒரு நொடி நின்றால் கதவைத் தட்டுவேன்.

"இருக்கேம்மா! வாய்க்குள்ள சோப்பு போயிடுச்சு" என்று எரிந்து விழுவாள்.

நேற்றுக் காலை எனக்கு அழுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அவள் எதிரில் நான் அழுவதில்லை. குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

கதவைத் தட்டினாள். தள்ளினாலே திறக்கும் கதவு. தள்ள அவளுக்குப் பயம்.

"அம்மா, பேசு."

துண்டை எடுத்தேன்.

"ஓரொண்ணு ஒண்ணு" என்று ஆரம்பித்தேன்.

"இன்னும் சத்தமாம்மா" என்றாள்.